சென்னை–பலாலி (யாழ்ப்பாணம்) பிளேனில எந்தப் பக்க யன்னல் நல்லம்?

மயிலிட்டியான்:
போன ஆடியில அம்மாவோட சென்னையால வந்தனான். யன்னல் சீற்றுக்கெண்டு தனியாக் காசு கட்டினது. ஏறிப் பார்த்தால் பக்கத்தில வெறும் சுவர்! பாதி யன்னல் முன்னுக்கு இருக்கிற ஆளுக்கு, பாதி பின்னுக்கு இருக்கிற ஆளுக்கு. கம்பனி பேர் வேண்டாம். நல்லகாலத்துக்குப் பின்னுக்கு ரெண்டு சீற் காலி. பணிப்பெண் பிள்ளை "பாட்டியக் கூட்டிட்டு பின்னாடி போய் உக்காருங்க" எண்டுது.

அதுதான் நல்லதாப் போச்சு. இந்த ஏடிஆர் 72 பிளேனுக்குச் செட்டை யன்னலுக்கு மேல, கீழ பார்க்க மறைக்காது. மறைக்கிறது இஞ்சினும் விசிறியும்தான். கடைசி நாலைஞ்சு வரிசைக்குப் போனால் அந்தக் கரைச்சலும் இல்லை. ஏத்துறதும் இறக்குறதும் பின்கதவாலதான், வயசுபோன ஆக்களுக்கு அதுவும் வசதி.

பக்கம் எண்டால் வரேக்க வலக்கைப் பக்கம். பிளேன் தெற்க வருது, அதால தமிழ்நாட்டுக் கரை வலப்பக்கம்தான் கிடக்கும். இடப்பக்கம் முழுக்க வங்காள விரிகுடா, நீலத்தைத் தவிர ஒண்டுமில்லை. கொள்ளிடம் கடலில விழுற இடத்தில மண்ணிறத் தண்ணி விசிறி மாதிரி விரிஞ்சு கிடந்தது. பேந்து வேதாரணியத்து உப்பளம், வெள்ளை வெள்ளைச் சதுரமா. கோடியக்கரை முடிய, போட்ட தேத்தண்ணி ஆற முன்னம் எங்கட கரை.

அண்டைக்குக் கடல் பக்கத்தாலதான் இறங்கினது. அம்மா நெத்தியை யன்னலில வச்சபடி. "உங்க பார், அந்த அலை மறிக்கிற கல்லணை. எங்கட துறையெல்லே?" சண்டையால 1990 ஆனியில மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டவ. துறைமுகத்தை ஆமி 2017 இலதான் விட்டது. வீட்டைக் கண்டனீங்களோ எண்டு கேட்டன். "வீடு எங்கயடா கிடக்கு, கிணறு தெரியுதோ எண்டு பார்த்தனான்" எண்டா.

குப்பிளான் அக்கா:
தம்பி, நான் தை மாசம் வந்தனான். எனக்குக் கடல் கிடைக்கேல்லை, வலிகாமத்துக்கு மேலால சுத்தி வந்து இறங்கினது. இவர் சொன்னார், பிளேன் காத்துக்கு எதிராத்தான் இறங்குமாம். சோளகத்தில, அதுதான் தென்மேற்குக் காத்தில, வடகிழக்கால கடலைத் தாண்டி வரும்; வாடைக்காத்தில, அதுதான் வடகிழக்குக் காத்தில, தென்மேற்கால ஊருக்கு மேலால வரும். நான் குறை சொல்லமாட்டன். செம்மண்ணை மேலயிருந்து பார்க்கோணும்! குங்குமம் கொட்டின மாதிரி, நடுவில வெங்காயப் பாத்தி பச்சைக் கோடு போட்ட மாதிரி. நாப்பது வருசம் அந்த மண்ணில நிண்டு களை பிடுங்கினனான், அது இவ்வளவு வடிவெண்டு ஆர் கண்டது.

சில்லுப்பிரியன்:
சில்லு வெளியில வாறதைப் பார்க்க ஆசையெண்டால் செட்டைக்குக் கிட்ட இருங்கோ. வயித்துப் பக்கத்தாலதான் விரியும், மகன் முழுக்க வீடியோ எடுத்தவன். திரும்பிப் போகேக்க மறந்துபோயும் வலப்பக்கம் எடுக்காதேங்கோ, அப்ப கரை இடப்பக்கம். நான் அந்தப் பிழை விட்டு ஒண்டேகால் மணித்தியாலம் வெறுங்கடலைப் பார்த்தனான். இன்னொண்டு, பின்னேரப் பிளேன் எண்டால் கரைப் பக்கம் வெயில் நேர முகத்துக்கு. காலமை நல்லம்.

புதுசு:
கார்த்திகையில வாறன். எந்தப் பக்கம் எடுக்க?

மயிலிட்டியான்:
கார்த்திகையோ? மழைமுகிலுக்குள்ளாலதான் வருவீங்கள். யன்னலுக்குக் காசைக் கட்டாதேங்கோ. கையில ஒரு குடையோட இறங்குங்கோ, படியிலயிருந்து கட்டடம் வரைக்கும் நடக்கோணும்.