சுவானி 1899: ஹூஸ்டனில் எடுத்த 10 புள்ளி எப்படி வந்தது?

நான் இருப்பது நாஷ்வில். மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக, இதே டென்னசியின் சுவானி என்ற மலையூர்ப் பல்கலைக்கழகத்தின் 1899 அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி ஒரு சார்ட் போடுகிறோம். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் 12 ஆட்டம், பன்னிரண்டிலும் வெற்றி. மொத்தம் 322 புள்ளி எடுத்து, விட்டது 10 மட்டும். அதுவும் ஆபர்ன் பல்கலைக்கழக அணி ஒன்றிடம்தான். நடுவே ரயிலில் அலைந்து 6 நாளில் 5 பல்கலைக்கழக அணிகளோடு 5 ஆட்டம்:

நவம்பர் 9 டெக்சஸ், 12-0
10 டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0
11 டுலேன், 23-0
13 எல்.எஸ்.யு., 34-0
14 ஓல் மிஸ், 12-0

12ஆம் தேதி ஞாயிறு, ஓய்வு. இன்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிக்கல் ஹூஸ்டனில் நடந்த 10-0 ஆட்டத்தில். முதலில் இன்றைய விதிப்படி டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) 6 போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்போது டச் டவுனுக்கு 5, அடுத்த உதைக்கு 1, ஃபீல்டு கோலுக்கும் (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 5. அப்படியானால் இரண்டு டச் டவுன் போட்டு இரண்டு உதையும் தவறியிருக்கலாம்; ஒரு டச் டவுனும் ஒரு ஃபீல்டு கோலுமாகவும் இருக்கலாம்.

பழைய நாளிதழ் ஸ்கேன் ஒன்று கிடைத்தது. சரியாக அந்தப் பத்தியில்தான் மை பரவிக் கிடக்கிறது. பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. இணையத்தில் கிடைத்த கட்டுரைகள் எல்லாமே ஸ்கோரோடு நின்றுவிடுகின்றன.

அந்த 10 புள்ளி எப்படி வந்தது என்று அன்றைய நாளிதழ் எதிலாவது படித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?