அட்வைஸுக்கு ‘எஸ்’ வராது: அந்த வகைப் பெயருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஹட்டனிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். எண்ணிச் சொல்ல முடியாதவற்றின் பெயருக்கு, அதாவது ஆங்கிலத்தின் ‘அன்கவுண்டபிள் நவுன்’ என்பதற்கு, வியாழன் மாலைக்குள் எனக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. தரம் 8க்கு இரண்டாம் தவணை ஆங்கிலப் பயிற்சி, விளக்கம் மட்டும் தமிழில். தொல்லை கொடுப்பது ‘அட்வைஸ்’. 36 கொப்பி திருத்தினேன், பாதிக்கு மேல் ‘மெனி அட்வைசஸ்’. பிள்ளைகளைத் திட்டவும் மனம் வரவில்லை. அறிவுரைகள், தகவல்கள், தளபாடங்கள் என்று நாம் தாராளமாகக் ‘கள்’ போடுகிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் மூன்றுக்கும் ‘எஸ்’ கிடையாது, முன்னால் ‘எ’, ‘அன்’ கூட நிற்காது. ‘சம் அட்வைஸ்’ அல்லது ‘எ பீஸ் ஒஃப் அட்வைஸ்’ என்றுதான் எழுத வேண்டும். (ஒருவன் அதை ‘ஒரு துண்டு புத்திமதி’ ஆக்கியிருக்கிறான். அரை மதிப்பெண் கொடுத்தேன்.) ‘எண்ணத்தகாத பெயர்’ என்ற சொல் புழக்கத்தில் உண்டு. ஆனால் ‘தகாத’ என்று வாயெடுத்தாலே பின் வரிசை சிரிக்கிறது.

பண்டாரவளையிலிருந்து:
இதற்குப் போய் ஏன் டீச்சர் கவலை? எண்ணும் பெயர், எண்ணாப் பெயர். ‘ஓடாக் குதிரை’ மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சுருக்கம், சுத்தத் தமிழ். முடிந்தது.

மஸ்கெலியாவிலிருந்து:
முடியவில்லை அண்ணன். தோட்டத்துப் பிள்ளையிடம் ‘எண்ணாப் பெயர்’ என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கிலோ குறைந்தால் அரைப்பேர். என் அம்மா மழை நாளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார், தராசில் கொக்கி மாட்டி நிறுத்து, தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள், அந்த இரண்டு கிலோவில் பேர் அரைப்பேராகிவிடும். வீட்டுக்கு வந்து இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டே ‘இன்னைக்கும் எண்ணல’ என்பார். எண்ணாப் பேர் என்றால் எனக்கு அதுதான் காதில் விழுகிறது, இலக்கணம் இல்லை.

இன்னொன்று. கொழுந்தையே பாருங்கள். பறிக்கும்போது இரண்டு இலை ஒரு மொட்டு, எண்ணித்தான் கிள்ள வேண்டும். மடுவத்துக்கு வந்ததும் எத்தனை கொழுந்து என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை கிலோ என்பதுதான் பேச்சு. பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ராகலையிலிருந்து:
அப்படியானால் ‘அளவுப்பெயர்’ என்று வைத்துவிடலாமே. நிறுப்பதும் அளப்பதும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

பேராதனையிலிருந்து:
காய்ச்சலாகப் படுத்திருந்தேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். அளவுப்பெயர் நல்ல சொல்தான் தம்பி, ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். நாழி, உழக்கு போன்ற அளவுகளின் பெயரே அளவுப்பெயர். அதற்கும் எடைகளின் பெயரான நிறைப்பெயருக்கும் முதலில் வரும் எழுத்துகள் 9 என்கிறது தொல்காப்பியம்: க, ச, த, ப, ந, ம, வ, அ, உ. உரைக்காரர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று வரிசை மாறாமல் உதாரணம் தருவார்கள். நாங்கள் மாணவராக இருந்தபோது இதை ராகம் போட்டு மனனம் செய்தோம். சரி, அது கிடக்கட்டும். எண்ணுப்பெயரும் காலியில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றுக்கே அது போய்விட்டது. அதற்கும் மேலே, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை அளவையில் எண்ணலும் ஒன்று. எண்ணலே அளவை என்றால், எண்ண முடியாததற்கு மட்டும் ‘அளவு’ என்று எப்படிப் பட்டா எழுதிக் கொடுப்பது?

டென்மார்க்கு அறிஞர் யெஸ்பர்சன் 1924இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் இவற்றை ‘மாஸ் வேர்ட்’ என்றே பேசுகிறார். நம் பௌதிகப் புத்தகத்தில் மாஸ் என்றால் திணிவு. ஆகவே ‘திணிவுப் பெயர்’ என் பரிந்துரை. இன்னும் ஒரு வேடிக்கை, ஆங்கிலேயரே ‘பீஸ்’ என்ற பட்டாணிப் பெயரைப் பன்மை என்று தவறாக நினைத்து ‘பீ’ என்று ஓர் ஒருமையைப் பின்னால் உண்டாக்கிக்கொண்டவர்கள்.

பண்டாரவளையிலிருந்து:
ஐயா, திணிவை தமிழ்நாட்டுப் பாடநூல் நிறை என்கிறது, நமக்கோ நிறை என்றால் வெயிட். இந்தச் சண்டையே தீரவில்லை, அதற்குள் அதை ஆங்கிலப் பாடத்துக்கும் இழுக்கிறீர்கள். புத்திமதிக்கு ஏது திணிவு?

தலவாக்கலையிலிருந்து:
நான் வகுப்பில் கலைச்சொல்லே சொல்வதில்லை. ‘எத்தனை’ என்று கேட்க முடிந்தால் ஒரு பக்கம், ‘எவ்வளவு’ என்று கேட்டால் மறு பக்கம். எத்தனை கதிரை, எவ்வளவு சீனி. எத்தனைப் பெயர், எவ்வளவுப் பெயர் என்றே போடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

பேராதனையிலிருந்து:
‘எத்தனை துன்பம்’ என்கிறோமே, அப்போது துன்பம் எந்தப் பக்கம்? ‘எத்தனை அறிவுரை சொன்னேன்’ என்று எந்தத் தகப்பனும் சொல்வார், உங்கள் சோதனையில் அட்வைஸ் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். சோற்றை யாரும் எத்தனை என்று கேட்பதில்லை, ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியில் அதே சோற்றை எண்ணுகிறோம். தமிழில் ஒரு சொல் இடத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் நிற்கும். கேள்வியை வைத்துப் பெயர் சூட்டினால் நாளைக்கு ‘யார் பெயர்’, ‘ஏன் பெயர்’ என்று வரிசை நீளும்.

ஹட்டனிலிருந்து:
ஐயா சொல்வது சரி, அறிவுரை அந்தச் சோதனையில் தோற்கத்தான் செய்கிறது. ஆனாலும் நேரமில்லை. தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்து, எவ்வளவுப் பெயருக்கு 5 பேர், திணிவுக்கு 1, எண்ணாப் பெயருக்கு 1 (பண்டாரவளை அண்ணன் இன்னும் விடவில்லை). எவ்வளவுப் பெயரையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ‘தமிழில் எத்தனை என்று கேட்டாலும் ஆங்கிலத்தில் இவை எவ்வளவுதான்’ என்று அடியில் ஒரு வரி போட்டு அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், நியூஸ் நான்கையும் கட்டம் கட்டியிருக்கிறேன். நியூஸில் ‘எஸ்’ இருந்தாலும் ‘இஸ்’ தான் வரும் என்பதையும் சேர்த்தேன். முன்னோட்டமாக இன்று வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை எழுந்து ‘டீ எந்தப் பக்கம் டீச்சர்?’ என்றது. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) எவ்வளவு, கடையில் எத்தனை என்றேன். கடையில் ‘டூ டீஸ்’ சரிதான்.

பேராதனையிலிருந்து:
போகட்டும், அச்சுக்குப் போனது போனதுதான். ஒரே ஒரு சந்தேகம். எத்தனை, எவ்வளவு இரண்டுக்கும் பின்னால் வல்லெழுத்து மிகாது என்றுதான் படித்திருக்கிறோம். எவ்வளவு பெரிது, எத்தனை பழம். அப்படியிருக்க ‘எவ்வளவுப் பெயர்’ என்பதில் அந்த ‘ப்’ எங்கிருந்து வந்தது?