சீட்டுக் காசு திரும்பி வரல்ல, ஆனா பாவம் மன்னிக்கப்பட்டிட்டாம்: இது கிருபையா?

வாவிக்கரை:
போன ஞாயிறு ஆராதனையில ஒருவர் சாட்சி சொன்னார். ஊர்ப் பேரும் சபைப் பேரும் இஞ்ச வேணாம். 4 வருசத்துக்கு முன்னால சீட்டுத் தாச்சியா, அதாவது சீட்டுப் பிடிச்சு நடத்துறவரா இருந்தவர். 20 பேர், மாசம் 5,000. 11ஆம் மாசக் காசையும் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போயிட்டார். சீட்டு எடுக்காத 10 பேர்ட காசும் போச்சு. இப்ப ஞானஸ்நானம் எடுத்திட்டு வந்து, "என்ட பாவத்தை ஆண்டவர் சமுத்திரத்தின் ஆழத்தில போட்டுட்டார்" எண்டு அழுதார். சனம் கைதட்டினது.

மூணாவது வரிசையில என்ட அம்மா இருந்தா. சாமத்தில எழும்பி இடியப்பம் அவிச்சு வித்த காசு, 55,000. சீட்டுக் கொப்பியை இன்னும் வேதாகமத்துக்குள்ளதான் வச்சிருக்கா. நீல மையில 11 கையெழுத்து, கடைசி ரெண்டும் எண்ணெய் பட்டு ஊறிப்போய். வாசல்ல வச்சு அவரிட்டக் கேட்டன். "பழையவைகள் ஒழிந்துபோயின தம்பி" எண்டார்.

தம்பிலுவில் அண்ணன்:
அம்மாட காசு நியாயமான காசு, அதில எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா கவனமா எழுதுங்க தம்பி. நான் 16 வருசம் குடிச்சவன். பொஞ்சாதி பிள்ளைகள் படாத பாடு பட்டதுகள். "முதல்ல எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வா" எண்டு ஆண்டவர் சொல்லியிருந்தா இண்டைக்கும் நான் தவறணையிலதான் கிடப்பன். சிலுவையில தொங்கின கள்வன் ஆருக்கு என்ன திருப்பிக் குடுத்தான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" எண்டு அவனுக்குச் சொல்லல்லயா? பாவம் பெருகின இடத்தில கிருபை அதிகமாய்ப் பெருகிற்று. ரோமர் 5:20.

வாவிக்கரை:
அடுத்த அதிகாரத்தின்ட முதல் வசனத்தையும் வாசிங்க அண்ணன். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" "கூடாதே" எண்டு அதை எழுதின பவுலே பதிலும் சொல்றார். கள்வன்ட கை ஆணியில இருந்தது, அவனுக்கு மிச்சம் ஒரு நாளும் இல்ல. இவருக்கு 4 வருசம் இருந்தது.

புளியந்தீவு அக்கா:
நான் கத்தோலிக்கம், குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவும். எங்கட ஆக்கள்லயும் சுவாமியாரிட்டப் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வந்தாச் சரி எண்டு நினைக்கிறாக்கள் இருக்கு. ஆனா எங்கட மறைக்கல்வி நூல் அப்படிச் சொல்லல்ல. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவத்தால வந்த சீர்கேடு எல்லாத்தையும் அது சரிப்படுத்தாது, களவெடுத்ததைத் திருப்பிக் குடுக்கத்தான் வேணும் எண்டு இருக்கு. சின்ன வயசில அம்மம்மாட உண்டியல்ல கை வச்சுட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன். சுவாமி முதல்ல கேட்டது, "அந்தக் காசு இப்ப எங்க இருக்கு?"

தம்பிலுவில் அண்ணன்:
அக்கா, அங்கதான் எனக்குப் பயம். காசைக் கட்டினாத்தான் மன்னிப்பு எண்டு ஆகிட்டா, காசில்லாதவன் எங்க போவான்? வரி தண்டிப் பணக்காரனான சகேயுவைப் பாருங்க. அவன் ஒரு சதமும் குடுக்கிறதுக்கு முதலே, இயேசுவைப் பாக்க ஏறின மரத்தில இருக்கக்குள்ளயே, "நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" எண்டு இயேசு கூப்பிட்டுட்டார். கூப்பிட்டதுதான் கிருபை. மத்ததெல்லாம் மறுகா.

கல்லடி மெதடிஸ்த்:
அண்ணன் சொல்ற வரிசை சரி. ஆனா அந்தக் கதையை முடிக்கவேணும். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" எண்டு சகேயு எழும்பி நிண்டு சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" எண்ட வார்த்தை வருது. காசு குடுத்து இரட்சிப்பை வாங்கல்ல. வந்த கிருபை அவன்ட பெட்டியைத் திறந்திட்டு.

1814ல வில்லியம் ஓல்ட் எண்ட மிஷனரி மட்டக்களப்புக்குக் கொண்டு வந்த, எங்கட மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லியின் போதனையும் இதுதான்: பாவியை மன்னிச்சு நீதிமானாக்கின கிருபையே அவன்ட வாழ்க்கையை மாத்திப் பரிசுத்தமாக்கவும் செய்யும், அது பாதியில நிக்கிற சாமான் இல்ல. இந்த விசயத்தில நூற்றுக்கணக்கான வருசம் சண்டை பிடிச்ச லூத்தரன் ஆக்களும் கத்தோலிக்கரும் 1999ல ஒரு கூட்டுப் பிரகடனத்தில கையெழுத்து வச்சாங்க. எங்கட தகுதியால இல்ல, கிருபையால மட்டும். நற்கிரியை அதின்ட கனி. மெதடிஸ்தரும் 2006ல சேர்ந்தாங்க. அக்காவும் நானும் இதில ஒரே பக்கம்தான்.

தம்பிலுவில் அண்ணன்:
ராத்திரி நித்திரை வரல்ல. குடிக்க என்ட அக்காட தோட்டை ஈடு வச்சனான், அது மூழ்கிட்டு. அவ ஒரு நாளும் கேக்கல்ல. கேக்காததால மன்னிச்சிட்டா எண்டு நானே முடிவெடுத்திட்டன், அவட்டப் போய்ச் சொல்லவே இல்ல. அது பிழை. ஆனாலும் அந்த மனுசனைச் சபைக்கு வராதே எண்டு சொல்லுறதுக்கு நான் சம்மதிக்கமாட்டன்.

வாவிக்கரை:
வராதே எண்டு நான் சொல்லல்ல அண்ணன். இதையெல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "ஆண்டவர் மன்னிச்சிருப்பார் மனே. நானும் மன்னிக்கவேணுமே, அதுக்கு அவன் என்னட்ட வரல்லயே" எண்டா. மைக்கைக் குடுக்கிறதுக்கு முதல் அந்த 10 வீட்டுக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க, கையில காசில்லாட்டியும் பரவாயில்ல எண்டு பாஸ்டரிட்டக் கேக்கப்போறன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிய நேரம் தந்திருக்கிறார். அம்மாவும் வாறா, கொப்பியோட.