அப்பாவோட பழைய டிடிபி சென்டர் ஹார்டு டிஸ்க் – லேப்டாப்ல மாட்டினா சுத்துது, ஆனா காட்ட மாட்டேங்குது

கரிசல்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1999ல இருந்து 2007 வரைக்கும் எங்க ஊர்ல டிடிபி சென்டர் வச்சிருந்தார், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை (எங்க பக்கம் திருவிழாவ அப்படித்தான் சொல்வோம்) நோட்டீஸ், ஸ்கூல் கொஸ்டின் பேப்பர் எல்லாம் அடிச்சு குடுப்பார். போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது அவர் மெஷின்ல இருந்து கழட்டி வச்ச 40 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒண்ணு, பழைய லேப்டாப் டிஸ்க் ஒண்ணு, ஒரு ஷூ டப்பா நிறைய ஃப்ளாப்பி கிடைச்சுது. ரெண்டு டிஸ்க்குமே அந்தப் பட்டை கேபிள் மாட்டுற ஐடிஇ வகை. ஆன்லைன்ல ஐடிஇ டு யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி பெரிய டிஸ்க்க மாட்டினேன், டிஸ்க் நல்லா சுத்துது, லேப்டாப்பும் டொய்ங்னு சத்தம் குடுக்குது, ஆனா திஸ் பிசில ஒண்ணும் இல்ல, டிஸ்க் மேனேஜ்மென்ட்லயும் இல்ல. செத்துப் போச்சா? இதுல தாத்தா சொல்லச் சொல்ல அப்பா டைப் பண்ணின எங்க குலதெய்வம் கோயில் வரலாறு இருக்கு, தாத்தா இப்ப இல்ல, அதான் விட மனசில்ல. லேப்டாப் விண்டோஸ் 11.

ஈயப்பற்று:
சுத்துதுன்னா பாதி கிணறு தாண்டிட்டீங்க தம்பி. ஜம்பர பாருங்க. அந்தக் காலத்துல ஒரே பட்டை கேபிள்ல ரெண்டு டிரைவ் தொங்கும், எது மூத்தது எது இளையதுன்னு சொல்லத்தான் பின்பக்கம் குட்டி ஜம்பர், மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட்னு மூணு. உங்க அப்பா மெஷின்ல இது ரெண்டாவது டிஸ்க்கா இருந்திருக்கும், ஸ்லேவ்ல கிடக்கும். கன்வெர்ட்டர் பெரும்பாலும் மாஸ்டரத்தான் தேடும். டிஸ்க் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லயே படம் இருக்கும், புருவம் பிடுங்குற ட்வீசரால எடுத்து மாத்தி மாட்டுங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல்ல தனியா ஒரே டிஸ்க்னா அதுக்கு வேற செட்டிங், பல மாடல்ல ஜம்பர மொத்தமா கழட்டிடணும்.
அப்புறம் அந்த லேப்டாப் டிஸ்க்க அவசரப்பட்டு மாட்டாதீங்க. அதுல 44 பின், கரண்டும் அதே பின் வழியாத்தான் போகும், அது பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு இன்னும் 4 பின் இருக்கும், அது ஜம்பருக்கு. நிறைய பேர் கனெக்டர அந்த நாலு மேல தள்ளி மாட்டிட்டு டிஸ்க்க கொன்னுருக்காங்க. 20ஆவது பின் இல்லாம ஓட்டையா இருக்கும், அத அடையாளம் வச்சுக்கோங்க.

வோல்ட்டு_வாத்தியார்:
ஜம்பர் சரி, அதுக்கு முன்னாடி கன்வெர்ட்டரோட வந்த பவர் அடாப்டர மல்டிமீட்டர்ல ஒரு தடவ பாத்துருங்க. யூஎஸ்பில வர்றது 5 வோல்ட் மட்டும்தான், பெரிய டிஸ்க்கோட மோட்டாருக்கு 12 வோல்ட் வேணும், அதான் தனி அடாப்டர். மஞ்ச ஒயர்ல 12, செவப்புல 5, நடுவுல ரெண்டு கருப்பு எர்த். நான் பேர் தெரியாத ஒரு கன்வெர்ட்டர் வாங்கி செக் பண்ணாம மாட்டி, டிஸ்க் போர்டுல புகை வந்து ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. இன்னொண்ணு, மொதல்ல பவர குடுத்து டிஸ்க் சுத்தி நிதானத்துக்கு வந்தப்புறம் யூஎஸ்பிய சொருகுங்க.

பெங்குவின்_மாமா:
டிஸ்க் தெரிஞ்சதும் விண்டோஸ் "ஃபார்மட் பண்ணவா"ன்னு கேட்டா தயவுசெஞ்சு கேன்சல். டபுள் கிளிக் பண்ணி ஒவ்வொரு ஃபைலா தேடுறதும் வேணாம், இருபது வருஷம் தூங்கின டிஸ்க் எவ்ளோ நேரம் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் லைவ் (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) போட்டு பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கற ப்ரோக்ராமால மொத்த டிஸ்க்கையும் அச்சு அசலா ஒரே இமேஜ் ஃபைலா எடுத்துருங்க, நோண்டுறதெல்லாம் அந்த காப்பில. எதுவரைக்கும் படிச்சுதுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைலுக்கு பேர் குடுக்க மறக்காதீங்க, நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். படிக்க முடியாத இடத்த தாண்டிப் போய் நல்ல பகுதிய மொதல்ல அள்ளிக்கும், அதுதான் அதோட சிறப்பே. 40 ஜிபிதான, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும்.
டிக் டிக்னு சத்தம் கேட்டா உடனே ஆஃப். ஹெட் அடிபட்டிருந்தா ஒவ்வொரு தடவ ஆன் பண்றதும் உள்ள டேட்டா இருக்குற தட்ட சொரண்டுற மாதிரி. ஃப்ரீசர்ல வைன்னு எவனாவது வருவான், கேக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும்.

ரிச்சி_ரசிகன்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்லா ஓடுற பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர் ஒண்ணு தேடிப் பிடிங்க, ஐடிஇ, ஃப்ளாப்பி ரெண்டுக்கும் போர்டுலயே எடம் இருக்கும்.

பெங்குவின்_மாமா:
@ரிச்சி_ரசிகன் அந்த மெஷினோட எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பவர் சப்ளை) இருபது வயசு, அத நம்பி தாத்தா சொன்ன கதைய மாட்டுறதா?

வல்லிபுரம்:
டிஸ்க் வந்தாப் பிறகுதான் மெய்யான சோதனை இருக்கு தம்பி. அந்தக் காலத்துப் பைலெல்லாம் யூனிகோட், அதாவது இப்ப எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை, இல்லை. நாங்கள் இங்க யாழ்ப்பாணத்தில பாமினி எண்ட ஃபான்டில அடிச்சனாங்கள், இப்ப திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும், பழுதாப் போச்சு எண்டு அழிச்ச ஆக்களும் இருக்கினம். உங்கட பக்கம் வானவில், டாம், டாப் எண்டு வேற வேற எழுத்துமுறை. அதால முதல் வேலையா பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் முழுதையும் கொப்பி பண்ணி வையுங்கோ. அதே ஃபான்டைப் போட்டால் எழுத்து வடிவாத் தெரியும், பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் எண்ட சாஃப்ட்வேரில போட்டு யூனிகோடுக்கு மாத்தலாம். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரில செய்த பைலெண்டால் லிபர் ஆபீஸில திறந்து பாருங்கோ, பக்கம் கொஞ்சம் கலையும், எழுத்து கிடைக்கும்.

கரிசல்_பையன்:
ஈயப்பற்று அண்ணே, கோடி நன்றி! ஸ்லேவ்லதான் இருந்துச்சு, மாத்தினதும் வந்துருச்சு. வாத்தியார் சொன்ன மாதிரி அடாப்டர் பாத்தேன், 12.1 காட்டுச்சு. இமேஜ் எடுக்க அம்பது நிமிஷம், கடைசில கொஞ்சூண்டு கேபி மட்டும் படிக்கல. விண்டோஸ் 98ல ஃபேட்32 போட்டு வச்சிருக்கார், அதனால பாஸ்வேர்டு, பர்மிஷன் தொல்லை எதுவும் இல்ல. ஃபான்ட்ஸ் மட்டும் முன்னூத்தி சொச்சம், மனுஷன் ஒண்ணு விடாம சேத்திருக்கார். லேப்டாப் டிஸ்க் மாட்டினதும் டிக் டிக்னுச்சு, கழட்டி வச்சுட்டேன்.
கோயில் வரலாறு கெடச்சுது வல்லிபுரம் ஐயா, ஃபான்ட் போட்டதும் எழுத்து பளிச்சுனு வந்துச்சு, ஆனா ஒம்பதாவது பக்கத்துல "அந்த வருசம் கொடை நின்னதுக்குக் காரணம்"னு வந்து அப்படியே நிக்குது. அப்பாட்ட கேட்டா மிச்சத்த ஃப்ளாப்பில போட்டேன்னு நினைக்கிறேங்கறார், எதுலன்னு ஞாபகம் இல்லயாம். மொத்தம் 43 ஃப்ளாப்பி. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினா படிக்குமா?

ஈயப்பற்று:
மூணரை இஞ்ச், 1.44 எம்பின்னா படிக்கும். பழைய அஞ்சேகால் இஞ்ச் இருந்தாதான் அதுக்கு பழைய டிரைவும், அத யூஎஸ்பில இணைக்க கிரீஸ்வீசல் மாதிரி போர்டும் தேடணும். சொருகுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணோட தகர மூடியையும் தள்ளி, நடுவட்டத்த விரலால சுத்தி வெளிச்சத்துல பாருங்க. வெள்ள வெள்ளயா பூஞ்சை இருந்தா அத தனியா எடுத்து வைங்க, அதப் போட்டா டிரைவோட ஹெட்டுல ஒட்டி அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிடும். நல்லதா இருக்கறத மொதல்ல முடிங்க. மிச்ச வரலாறு பூஞ்சை பிடிச்சதுல இருந்தா அப்ப கேளுங்க, ஃப்ளாப்பியோட பிளாஸ்டிக் கூட்ட பிரிச்சு உள்ள இருக்குற வட்டத்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு வேற கூட்டுக்குள்ள மாத்துற வேல இருக்கு, ஃபோட்டோ எடுத்துப் போடுறேன்.

வோல்ட்டு_வாத்தியார்:
கொடை ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சதும் இங்கயும் வந்து சொல்லுங்க தம்பி, தூக்கம் வர மாட்டேங்குது.