பாம் ஸ்பிரிங்ஸில் எதிர்ப்பட்டவர்கள்

போன ஜனவரியில் அப்பா அம்மாவைக் கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸுக்குக் கூட்டிப் போனேன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். சான் கோர்கோனியோ கணவாய்க்குள் நுழைந்ததும் இரு பக்கமும் காற்றாலைகள். தூங்கிக்கொண்டு வந்த அப்பா கண்ணைத் திறந்து, "என்னடா, முப்பந்தல் வந்துட்டா?" என்றார்.

முதலில் ரோப் கார். 1963இலிருந்து ஓடுகிறது. 2,643 அடியில் ஏறினால் பத்தே நிமிடத்தில் 8,516 அடி. போகும்போதே காலடித் தளம் மெல்லச் சுழலும். கீழே அரைக்கைச் சட்டை போதும், மேலே பனி கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர் கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து வந்தவர். நவம்பரில் வந்தால் ஏப்ரலில்தான் திரும்புவாராம். இப்படி வருகிறவர்களை அங்கே ஸ்னோபேர்ட் என்கிறார்கள். "பனிக்குப் பயந்து வந்துவிட்டு மறுபடி பனி பார்க்கப் போகிறீர்களே?" என்று கேட்டேன். "விட்டுவிட்டு வந்தோமே, எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான்" என்றார். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் சிக்கல் என்பதால் நாட்காட்டியில் நாளை அடித்துக்கொண்டே வருகிறாராம்.

அப்பா சும்மா இருப்பாரா? "சொந்த வீடான்னு கேளு." தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் சந்தோஷமாகவே சொன்னார்: வீடு சொந்தம், நிலம் சொந்தமில்லை. அது அகுவா காலியென்டே என்ற கவீயா பழங்குடியினருடையது. 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் அந்தப் பகுதியைச் சதுர மைல் சதுர மைலாகக் கட்டம் கட்டி, ஒற்றைப்படைக் கட்டங்களை ரயில் கம்பெனிக்கும் இரட்டைப்படைக் கட்டங்களை இவர்களுக்கும் என்று பிரித்திருக்கிறது. அதனால் இன்றும் ஊர் சதுரங்கப் பலகைதான். எத்தனையோ வீடுகளும் ஹோட்டல்களும் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. நான் பாதிதான் மொழிபெயர்த்திருப்பேன். "அடிமனை வாடகைன்னு சொல்லு. கோயில் இடத்துல வீடு கட்டிக்கிட்டவன் கட்டுறது" என்று அப்பா முடித்துவிட்டார். நான் இதற்கு முன் மூன்று முறை போயும் எனக்கு இது உறைக்கவில்லை.

மறுநாள் இந்தியன் கேன்யன்ஸ். இதுவும் அந்தப் பழங்குடியினர் நிலம், நுழைவுக் கட்டணமும் அவர்களுக்குத்தான். பாறைகளுக்கு நடுவே ஓடை, ஓடை நெடுக விசிறி ஓலைப் பனைகள். தென்னை மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் போனோம். இது அசல் பனை ஜாடை. காய்ந்த ஓலைகள் விழாமல் பாவாடை போல அடிவரை தொங்குகின்றன. அந்த ஓலையில்தான் கவீயா முன்னோர்கள் வீடு வேய்ந்தார்கள், பழத்தையும் சாப்பிட்டார்கள் என்று அங்கிருந்த வனக்காவலர் விளக்கினார். அப்பாவுக்கு ஒரே கேள்வி: "நுங்கு உண்டா?" நுங்கை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் அவர் தரையில் கிடந்த பழம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பட்டாணி அளவு. அப்பாவுக்கு மனமே ஆறவில்லை, "இவ்வளவு பெரிய மரத்துக்கு இதா?"

பக்கத்து ஊரில் பாடகர் ஃபிராங்க் சினாத்ரா பெயரில் சாலை, பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் எல்லாம் உண்டு. நடிகை மர்லின் மன்றோ பாவாடை பறக்க நிற்கும் 26 அடிச் சிலையைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, அது போகட்டும்.

* * *

மேலே எழுதியவர் புண்ணியவான், ஜனவரியில் போயிருக்கிறார். அறை வாடகை மலிவாகக் கிடைக்கிறதே என்று நாங்கள் போனது 2024 ஜூலை முதல் வாரம். 5ஆம் தேதி 124 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 51 செல்சியஸ். அந்த ஊரின் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம். நீச்சல் குளத்தில் கால் வைத்தால் வெந்நீர். ஸ்டீயரிங்கைத் துணி சுற்றித்தான் பிடித்தேன்.

காபி வாங்கப் போன இடத்தில் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஸ்னோபேர்ட்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கோடைக்கால வேலை. வாரம் ஒரு முறை போய்க் குழாய்களைத் திறந்துவிட வேண்டும், ஏசி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அறைக்கு அறை வாளியில் தண்ணீர் வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மரச்சாமான்கள் வெடித்துவிடும். போன வாரம் நிரப்பி வைத்த வாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சம் என்றார்.

மூன்று நாளுக்குப் பணம் கட்டியிருந்தோம். அன்று இரவே கிளம்பிவிட்டோம்.