அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் மகனின் கடனில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஆறு வருஷமாக அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான், டெக்சாஸில். போன ஞாயிறு போனில், "அம்மா, எங்களுக்கு வீ.ஏ. கடன் என்று ஒன்று இருக்கிறது, டெபாசிட்டே வேண்டாம், அதை வைத்து உங்களுக்கு அங்கேயே வீடு வாங்கித் தருகிறேன்" என்றான். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

வெள்ளையர் அரசு கேட்டோ மேனரிலிருந்து எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு நாலு வயது. அப்பா கவுன்சிலுக்குப் பணம் கட்டிக் கட்டியே இந்த வீட்டைச் சொந்தமாக்கினார். விட்டுப் போக மனசில்லைதான். ஆனால் வாசலிலிருந்து ரோட்டுக்கு 31 படி. மளிகைப் பையோடு ஏறும்போது பதினெட்டாவது படியில் உட்கார்ந்துவிடுகிறேன். மெர்பேங்கில் சமதரையில் ஒரு வீடு 11 லட்சத்து 50 ஆயிரம் ரான்டுக்கு வருகிறது. மகனுக்குச் சரி என்று சொல்லட்டுமா?

இன்னொன்று. என் அண்ணன் எழுபதுகளில் சால்ஸ்பரி தீவில், இந்தியர்களுக்கான கடற்படைப் பயிற்சித் தளமான ஜல்சேனாவில் பயிற்சி எடுத்துக் கடற்படையில் இருந்தவர். இன்னும் வாடகை வீடுதான். "பழைய ராணுவத்தாருக்கு வீட்டுக் கடன் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் அவரிடம் 4,500 ரான்ட் வாங்கிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்படி ஒரு கடன் உண்மையிலேயே இருக்கிறதா?

பீனிக்ஸ் மாமா:

தங்கச்சி, உன் மகனின் மனசு பெரியது. ஆனால் அந்தக் கடனில் மெர்பேங்க் வீட்டை வாங்க முடியாது. என் மருமகன் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார், நார்ஃபோக்கில் இதே கடனில்தான் வீடு வாங்கினார். அதனால் எனக்கு இது தெரியும்.

வீ.ஏ. என்பது அங்கே முன்னாள் படைவீரர் துறை. 1944-இல், போரிலிருந்து திரும்புகிறவர்களுக்காகப் போட்ட சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. பலரும் நினைப்பது போல அரசு பணம் தருவதில்லை. பணம் தருவது வங்கி. கடனில் ஒரு பங்குக்கு அரசு ஜாமீன் நிற்கிறது, அதனால்தான் வங்கி டெபாசிட் கேட்பதில்லை. அந்த ஜாமீன் அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் உள்ள வீட்டுக்கு மட்டும். அதோடு, வாங்குகிறவர் அந்த வீட்டில் தானே குடியிருக்க வேண்டும். அம்மாவை வேறு நாட்டில் குடிவைப்பதற்கு அது உதவாது.

டெபாசிட் இல்லை என்றால் செலவே இல்லை என்று மகன் நினைத்துவிடக் கூடாது. முதல் தடவை, கையிலிருந்து ஒன்றும் போடாமல் வாங்கினால் 2.15 சதவீதம் ஒரு கட்டணம் உண்டு. 3 லட்சம் டாலர் கடனுக்கு 6,450 டாலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் வட்டி ஓடும். பணியில் ஏற்பட்ட ஊனத்துக்கு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது.

நான் உன் இடத்தில் இருந்தால் மகனிடம் இதைச் சொல்வேன்: அந்தக் கடனில் நாலு குடித்தனம் வரை உள்ள கட்டடம் வாங்கலாம், ஒன்றில் தான் இருந்தால் போதும். அவன் அங்கேயே தனக்காக அப்படி ஒன்று வாங்கட்டும். மற்றக் குடித்தனங்களின் வாடகை தவணைக்குப் போனால், சம்பளத்தில் மிஞ்சுவதை உனக்கு அனுப்பலாம். மெதுவான வழிதான், ஆனால் நடக்கும்.

பழைய மாலுமி:

அம்மா, நானும் ஜல்சேனாதான். உங்கள் அண்ணனை அங்கே பார்த்திருக்கவும் கூடும்.

அவரிடம் பணம் வாங்கியவர் சொன்னது போல ஒரு கடன் நம் நாட்டில் இல்லை. அமெரிக்கக் கடனைப் பற்றி இன்டர்நெட்டில் படித்துவிட்டு நம்மவர்கள் பலர் இங்கேயும் அது இருப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். இங்கே இருப்பது 2011-இன் 18-ஆம் சட்டம், ராணுவ முன்னாள் வீரர் சட்டம். அதில் சொல்வது வீட்டு உதவி, கடன் அல்ல. வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் கிடைக்கும், காத்திருப்பும் நீளம். ஆனால் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

பழைய நிறவெறி அரசின் படையில் இருந்தோம் என்று என்னைப் போலப் பலர் கூச்சப்பட்டு ஒதுங்கியே இருந்தார்கள். அதற்கு அவசியமே இல்லை. 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. முதல் வேலை, முன்னாள் வீரர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். அதற்கு அண்ணனின் படை எண்ணும் விடுவிப்புச் சான்றிதழும் தேவை. என்னுடையது அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில், ரேஷன் கார்டு மாதிரி நாலாக மடித்துக் கிடந்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்து படை எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. உங்கள் அண்ணனுடையது கிடைத்தால் மடிக்காமல் உறையில் போட்டு வையுங்கள்.

டோங்காட் தம்பி:

அக்கா, நான் பத்திரம் மாற்றும் வக்கீல் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். மெர்பேங்க் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மகன் தன் பெயரில் இங்குள்ள வங்கியில் பாண்ட், அதாவது வீட்டுக் கடன், கேட்டு, வங்கி அவரை வெளிநாட்டில் குடியேறிவிட்டவர் என்று கணக்கில் வைத்தால், பொதுவாக விலையில் பாதி வரைதான் தருவார்கள். மீதி வெளியிலிருந்து வர வேண்டும். அப்படி வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோக அதுதான் ஆதாரம்.

விலை 12 லட்சத்து 10 ஆயிரம் ரான்டுக்குள் இருப்பதால் வாங்குகிறவர் அரசுக்குக் கட்டும் டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை. வக்கீல் கட்டணம் உண்டு, பாண்ட் எடுத்தால் அதைப் பதியத் தனியாக உண்டு. வீட்டை விற்பவர் ரேட்ஸ், அதாவது நகராட்சி வரி, பாக்கி இல்லை என்ற சான்றும் மின்சாரச் சான்றும் தர வேண்டும். நம் கடற்கரைப் பக்கத்தில் வண்டுச் சான்றும் கேட்பது வழக்கம், அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மெர்பேங்க் பழைய வீடுகளில் கூரை மரத்தை வண்டு அரித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது?

சாட்ஸ்வொர்த் அம்மா:

பெரியவர்களுக்கும் தம்பிக்கும் நன்றி. மகனிடம் நேற்று இரவு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் நாலு குடித்தன வீடு பற்றி விசாரிக்கிறேன் என்றான். அண்ணன் சான்றிதழைத் தேடுகிறார். அண்ணி அலமாரியையே தரையில் கொட்டிவிட்டார்களாம்.

தம்பி, வீடு இன்னும் அப்பா பெயரிலேயேதான் இருக்கிறது. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது.

டோங்காட் தம்பி:

அப்படியானால் அக்கா, முதலில் அப்பா பெயரிலிருந்து வீட்டை மாற்றுவதை முடிப்போம். அது முடியாமல் நீங்கள் விற்கவும் முடியாது, அதன் பேரில் கடன் வாங்கவும் முடியாது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உயில் இருந்தால் உயில், வீட்டுப் பத்திரம், ரேட்ஸ் பில், உங்கள், அண்ணன் இருவரின் அடையாள அட்டை, இவ்வளவும் எடுத்து வையுங்கள். பத்திரம் காணவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் பதிவு இருக்கும். அண்ணனையும் உட்காரவைத்துப் பேசுங்கள், வீட்டில் அவருக்கும் பங்கு இருக்கலாம்.