ஓர் இருக்கையை ஒதுக்கினால் எல்லா வரிசைகளிலும் ஒதுக்கப்படுவது ஏன்?

ஈசூன்வாசி:
வணக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்காக, இருக்கை ஒதுக்கும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். அரங்கில் 12 வரிசைகள், வரிசைக்கு 10 இருக்கைகள். காலி இடத்துக்கு 0, ஒதுக்கிய இடத்துக்கு 1 என வைத்துக்கொண்டு இப்படித் தொடங்கினேன்:

இருக்கை = [[0] * 10] * 12
இருக்கை[2][4] = 1

பைத்தான் 0இலிருந்து எண்ணுவதால், மூன்றாம் வரிசையின் ஐந்தாம் இருக்கை மட்டுமே 1 ஆகியிருக்க வேண்டும். அச்சிட்டுப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை பன்னிரண்டு வரிசைகளிலும் ஐந்தாம் இடத்தில் 1 நிற்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராததால் எங்கே தேடுவதென்று புரியவில்லை.

தேக்கா நிரலர்:
பிழைச்செய்தி வராது, நீங்கள் எழுதியதைத்தான் பைத்தான் செய்திருக்கிறது. பட்டியலின் ஒவ்வோர் இடத்திலும் இருப்பது பொருளன்று, பொருளைக் காட்டும் சுட்டு. வெளிப்பட்டியலை 12ஆல் பெருக்கும்போது உள்ளே இருக்கும் வரிசை படியெடுக்கப்படுவதில்லை. அந்த ஒரே வரிசைக்கான சுட்டுதான் பன்னிரண்டு முறை எழுதப்படுகிறது. இருக்கை[0], இருக்கை[11] ஆகிய இரண்டையும், பொருளின் அடையாள எண்ணைத் தரும் ஐடி செயற்கூறுக்குக் கொடுத்துப் பாருங்கள், ஒரே எண் வரும்.

[0] * 10 என்பதிலும் ஒரே 0 பத்து முறை சுட்டப்படுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். சுட்டப்படுவது உண்மைதான், ஆனால் முழு எண்ணை உள்ளேயே திருத்த முடியாது. 1 என்று எழுதும்போது அந்த ஓரிடத்துச் சுட்டு மட்டும் வேறு எண்ணுக்கு மாறுகிறது. ஆகவே உள்பெருக்கல் இருக்கட்டும், வெளிப்பெருக்கலை மட்டும் மாற்றுங்கள்:

இருக்கை = [[0] * 10 ஃபார் _ இன் ரேஞ்ச்(12)]

(தமிழெழுத்தில் தந்திருக்கும் மூன்று சொற்களையும் நிரலில் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும், மாறியின் பெயர் தமிழில் இருப்பதைப் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.) இங்கே ஒவ்வொரு சுற்றிலும் [0] * 10 புதிதாகக் கணக்கிடப்படுவதால் பன்னிரண்டு தனித்தனி வரிசைகள் கிடைக்கும்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி, சரியாகிவிட்டது. இதற்கு முன், பழைய வரியை அப்படியே விட்டு, டீப்காப்பி கொண்டு ஆழப்படி எடுத்துப் பார்த்தேன்; பயனில்லை. அது உள்ளே இருப்பதையும் சேர்த்துத்தானே படியெடுக்கும்?

பழைய மாணவன்:
எடுக்கும், ஆனால் ஒரு பொருளை ஒரே முறைதான் எடுக்கும். தான் படியெடுத்தவற்றை டீப்காப்பி ஓர் அகராதியில் (சாவியும் அதற்குரிய மதிப்புமாகச் சேமிக்கும் தொகுப்பில்) குறித்துக்கொண்டே போகிறது. அதே பொருள் மறுபடி எதிர்ப்பட்டால் முன்பு எடுத்த படியையே திரும்பத் தருகிறது. தன்னையே உள்ளடக்கிய பட்டியலில் முடிவின்றிச் சுழலாமல் இருக்க இந்த ஏற்பாடு தேவை. அதனால் உங்கள் புதிய பட்டியலிலும் பன்னிரண்டு சுட்டுகள் ஒரே வரிசையைத்தான் காட்டியிருக்கும்.

எல்லாச் சாவிகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்து அகராதியை உருவாக்கும் ஃபிரம்கீஸிலும் இதே பள்ளம் உண்டு. தொண்டூழியர் அட்டவணை ஒன்றுக்காக, ஏழு கிழமைகளையும் சாவிகளாகவும் காலிப் பட்டியலை மதிப்பாகவும் கொடுத்தேன். சனிக்கிழமைக்குச் சேர்த்த ஒருவரின் பெயர் ஏழு நாள்களிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான் நான் நிரலைத் திறந்தே பார்த்தேன்.